ரத்தம் ஊற உத்தரவு போடுவது யார்? அப்பாவின் ரிப்போர்ட்டும் ஜாக்2வும்

கடலைமிட்டாய் (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவுக்கு 61 வயது. கண்புரை அறுவைக்கு முன்னால் வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 18.9 என்று வந்தது. பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 57, பிளேட்லெட் 6.2 லட்சம், வெள்ளணு 14,000. ரிப்போர்ட்டை நீட்டிய லேப் பையன், "அங்கிளுக்கு ரத்தம் ஜம்முனு இருக்கு சார்" என்றான். அம்மாவுக்கு ஒரே பெருமை. இருபது வருஷமாக முருங்கைக்கீரை போட்ட பலன் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண் டாக்டர்தான் அறுவையைத் தள்ளிவைத்துவிட்டு ரத்தவியல் டாக்டரிடம் அனுப்பினார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "குளித்துவிட்டு வந்தால் உடம்பு அரிக்கிறதா?"

அப்பா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இரண்டு வருஷமாக வீட்டில் அதுதான் பிரச்சினை. சோப்பை மாற்றினோம். போர் தண்ணீரில் உப்பு என்று கேன் தண்ணீரில் குளிக்க வைத்தோம். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். ரத்தத்தோடு சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது ஜாக்2 மியூட்டேஷன் (ஜீன் பிறழ்வு), சீரம் எரித்ரோபொய்ட்டின் என்று இரண்டு டெஸ்ட் எழுதியிருக்கிறார். முடிவு வரப் பத்து நாள் ஆகும். என்ன மருந்து, எங்கே காட்டலாம் என்று கேட்க நான் வரவில்லை; டாக்டர் பொறுமையாகப் பேசுகிறவர், அது போதும். நான் கன்ட்ரோல் பேனல் வேலை பார்ப்பவன். ரத்தம் எவ்வளவு ஊற வேண்டும் என்று உடம்பில் யார் முடிவு செய்கிறார்கள், அந்த சர்க்யூட் எங்கே கெடுகிறது என்று புரிந்தால் இந்தப் பத்து நாளும் கொஞ்சம் தூங்குவேன்.

ஊர்க்குருவி77

ரத்தம் நிறைய ஊறினால் நல்லதுதானே? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் 9, 10ஐத் தாண்டுவதில்லை. உங்கள் அப்பாவிடம் ஒரு பாட்டில் கடன் கிடைக்குமா?

நுண்ணோக்கி

குருவி, விளையாட்டாகச் சொன்னீர்கள். ஆனால் இந்த நோயில் சிகிச்சையின் பாதி ரத்தத்தை எடுத்துக் கீழே கொட்டுவதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன். (20 வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். டாக்டர் இல்லை.)

கடலைமிட்டாய் தம்பி, பேனல்காரர் என்பதால் அந்த வழியிலேயே சொல்கிறேன். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சாகிறதை ஈடுகட்ட மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதுசாகச் செய்ய வேண்டும். சென்சார் சிறுநீரகத்தில் இருக்கிறது. மோட்டார் எலும்பு மஜ்ஜையில். நடுவில் ஒயர் கிடையாது. ரத்தத்தில் மிதந்து போகிற ஒரு புரதம்தான் சிக்னல். அதுதான் எரித்ரோபொய்ட்டின், சுருக்கமாக ஈபிஓ.

சிறுநீரகம் சிவப்பணுக்களை எண்ணுவதில்லை, ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது. அங்குள்ள செல்களில் ஹிஃப் என்று ஒரு புரதம் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தால், செய்த உடனேயே முத்திரை குத்தி அதை அழித்துவிடுவார்கள். ஆக்ஸிஜன் குறைந்தால் முத்திரை விழாது. ஹிஃப் பிழைத்து, ஈபிஓ ஜீனை முடுக்கிவிடும். இதைக் கண்டுபிடித்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

வாங்கும் முனைக்கு வருவோம். மஜ்ஜையில் சிவப்பணுவாக மாறப்போகிற செல்லின் மேற்பரப்பில் ஈபிஓவைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாலும் செல்லுக்குள்ளே தொங்கும், அந்த வாலில் ஜாக்2 என்ற புரதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஈபிஓ வந்து உட்கார்ந்தால் இரண்டு ஏற்பிகளின் வால்கள் சரியான கோணத்தில் நெருங்கும், இரண்டு ஜாக்2வும் ஒன்றையொன்று பாஸ்பேட் ஏற்றி உசுப்பிவிடும். அப்புறம் ஸ்டாட்5 என்ற புரதம் அதில் ஏறி, பாஸ்பேட் வாங்கிக்கொண்டு நியூக்ளியஸுக்குப் போய் ஜீன்களைத் திறக்கும். அவ்வளவுதான் சர்க்யூட்.

ஜாக் என்ற பெயர் ஜானஸ் என்ற ரோமானியத் தெய்வத்தினுடையது. இரண்டு முகம் உள்ள தெய்வம். ஜாக்2விலும் இரண்டு பகுதி: ஒன்று வேலை செய்யும், அதே ஜாடையில் இருக்கிற இன்னொன்று அதைப் பிடித்து அமுக்கிவைத்திருக்கும். 2005இல் பிரான்ஸ், பிரிட்டன், சுவிட்சர்லாந்து, அமெரிக்காவிலிருந்து நான்கு குழுக்கள் சில வார இடைவெளியில் ஒரே விஷயத்தை அறிவித்தன. பாலிசைத்தீமியா வேரா (சிவப்பணு அளவுக்கு மீறி ஊறும் நோய், உங்கள் அப்பாவுக்குச் சந்தேகப்படுவது இதைத்தான்) நோயாளிகளின் ஜாக்2வில் 617ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் இருக்கிறது. அந்த இடம் எந்தப் பகுதியில் என்று நினைக்கிறீர்கள்? அமுக்கிப் பிடிக்கிற பகுதியில்.

கடலைமிட்டாய்

அப்படியென்றால் காலிங் பெல் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்ட மாதிரி. வாசலில் ஆளே இல்லை, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. சரியா சார்?

மூன்றாமாண்டு

அண்ணா, நான் ரத்தவியல் மேற்படிப்பு மாணவி. பொத்தான் சரியாகத்தான் இருக்கிறது, பின்னால் இருக்கிற ரிலேதான் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஏற்பி இல்லாத செல்லில் பிறழ்ந்த ஜாக்2வைப் போட்டால் அது பெரிதாக எதுவும் சாதிக்காது. ஈபிஓ ஏற்பி, பிளேட்லெட்டுக்கான ஏற்பி, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்கான ஏற்பி, இந்த மூன்றில் ஒன்று அதற்கு மேடையாக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு மூன்று எண்ணிக்கையும் ஏறியிருப்பது ஏன் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

தலைப்பில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. "உத்தரவு" என்று போட்டிருக்கிறீர்கள். நானும் இரண்டாம் வருஷம் வரை ஈபிஓ வந்து "பெருகு" என்று சொல்கிறது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லை. ஒரு கட்டத்தில் இருக்கிற இளம் செல்கள், ஈபிஓ இல்லாவிட்டால் தாமாகவே செத்துப்போகும். செத்துப்போவதுதான் அவற்றின் இயல்பான விதி. 1990இல் கோரியும் பாண்டுரண்டும் இதைக் காட்டினார்கள். ஈபிஓ செய்வதெல்லாம் "இப்போதைக்குச் சாக வேண்டாம்" என்று சொல்வதுதான். மஜ்ஜை தேவைக்கு அதிகமாகவே இளம் செல்களை உண்டாக்கி, பெரும்பகுதியைச் சாக விடுகிறது. ரத்தம் போய்விட்டால் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை, சாகவிருந்தவற்றைக் காப்பாற்றினால் போதும். சில நாட்களுக்குள் எண்ணிக்கை ஏறத் தொடங்கும்.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பாவின் மஜ்ஜை அதிகமாக உழைக்கிறது என்பதைவிட, சாக வேண்டியவை சாகவில்லை என்பதுதான் பொருத்தம்.

நுண்ணோக்கி

நன்றி அம்மா, நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்ட இடம் அது.

இதைக் கண்ணால் பார்த்த ஒரு பரிசோதனை உண்டு. 1974, பிரகாலும் ஆக்ஸல்ராடும் செய்தது. மஜ்ஜை செல்களை அரைக்கூழான ஊட்டக்கரைசலில் கலந்து சின்னத் தட்டில் ஊற்றி, கதகதப்பான பெட்டியில் வைக்க வேண்டும். ஆரோக்கியமானவரின் மஜ்ஜை என்றால், ஈபிஓ போட்ட தட்டில் ஒரு வாரம் கழித்துச் செந்நிறப் பொட்டுகள் தோன்றும், போடாத தட்டு காலியாக இருக்கும். பாலிசைத்தீமியா நோயாளியின் மஜ்ஜையில், ஒரு சொட்டு ஈபிஓ போடாத தட்டிலும் பொட்டுகள் வந்தன. ஜாக்2 என்ற பெயரே இல்லாத காலம். காரணம் தெரிய இன்னும் 31 வருஷம் ஆனது.

முன்பெல்லாம் இந்தத் தட்டுப் பரிசோதனையைச் சில இடங்களில் நோயைக் கண்டறியவே செய்தார்கள். இப்போது டிஎன்ஏ பரிசோதனை வந்துவிட்டது, யாரும் மெனக்கெடுவதில்லை. ஒரு தட்டையாவது நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கடலைமிட்டாய்

அப்போ டாக்டர் ஈபிஓ அளவையும் எழுதியது இதற்குத்தானா? மஜ்ஜை தானாகவே ஓடினால் ரத்தம் கெட்டியாகும், ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும், சிறுநீரகம் வாயை மூடிக்கொள்ளும். ஈபிஓ குறைவாக வர வேண்டும்!

நுண்ணோக்கி

அதேதான் தம்பி. புகைபிடிப்பவர், தூக்கத்தில் மூச்சு நிற்பவர், நுரையீரல் கெட்டவர், மலைமேல் வாழ்பவர், இவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறும். ஆனால் அங்கே சிறுநீரகம் நிஜமாகவே கத்துகிறது, மஜ்ஜை கேட்டபடி நடக்கிறது. ஈபிஓ சரியாகவோ அதிகமாகவோ இருக்கும்.

நேர்மாறான நிலையும் உண்டு. சிறுநீரகம் கத்தும், மஜ்ஜையில் கேட்க ஆளே இருக்காது. ஏப்ளாஸ்டிக் அனீமியா. அந்த நோயாளிகளின் சிறுநீரில் ஈபிஓ வழிந்தோடும். சிகாகோவில் கோல்ட்வாசர் என்ற ஆய்வாளர் மனித ஈபிஓவை முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுத்தது அதிலிருந்துதான். ஜப்பானில் மியாகே என்ற மருத்துவர் இப்படிப்பட்ட நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, வற்றவைத்து எடுத்துக்கொண்டு போனார். 1977இல் கடைசியாகக் கையில் நின்றது சில மில்லிகிராம். இன்று டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் போட்டுக்கொள்கிற ஈபிஓ ஊசிக்குக் கதை அங்கே ஆரம்பிக்கிறது.

தஞ்சாவூர் மெயில்

இழை நன்றாகப் போகிறது, ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய். 14 வருஷமாக இருக்கிறார், வயலுக்குப் போகிறார், சண்டை போடுகிறார். முதல் நாள் ஒரு ஜூனியர் டாக்டர் வராந்தாவில் நின்றுகொண்டே "இது பிளட் கேன்சர் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி மூன்று நாள் சாப்பிடவில்லை. வயிற்றுவலிக்காரனுக்கும் கேன்சர், இவருக்கும் கேன்சர் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? மணி சிக்கிக்கொண்டதற்குப் பெயர் கேன்சரா?

ஒலிம்பிக்ஸ் பைத்தியம்

மெயில் சாரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஈரோ மேன்ட்டிரான்டா என்று ஒரு ஃபின்லாந்து பனிச்சறுக்கு வீரர். 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இரண்டு தங்கம். ஹீமோகுளோபின் சாதாரணமாகவே 20க்கு மேல். ரத்தத்தில் ஏதோ ஏற்றுகிறார் என்று ஊரெல்லாம் பேசியது. 1993இல் குடும்பத்தையே சோதித்துப் பார்த்தார்கள். பரம்பரையாக வருகிற ஒரு பிறழ்வு: ஈபிஓ ஏற்பியின் வால் நுனியில் 70 அமினோ அமிலம் இல்லை. சிக்னல் முடிந்ததும் அதை அணைக்க வருகிற புரதம் உட்காரும் இடம் அந்த வாலில்தான் இருக்கிறது. மணி அடிக்கும், ஆனால் சட்டென்று ஓயாது. அவருக்குக் கேன்சர் கிடையாது, மெடல்தான் கிடைத்தது. அப்படியென்றால் சிக்னல் அதிகமாவது மட்டும் கேன்சர் இல்லையே?

மூன்றாமாண்டு

மெயில் சார், வராந்தாவில் நின்று சொன்னது தப்பு, சந்தேகமே இல்லை. சொல்லைப் பற்றிய விவாதம் பழையது. 1951இல் டாமெஷெக் இந்த நோய்களை ஒரே குடும்பமாகச் சேர்த்தபோது "மஜ்ஜை பெருக்கக் கோளாறு" என்றுதான் பெயர் வைத்தார். 2008இல் உலக சுகாதார நிறுவனம் பெயரைப் புற்று வளர்ச்சி என்ற பொருளுக்கு மாற்றியது. காரணம், இது எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான்.

மேன்ட்டிரான்டாவின் உடம்பில் எல்லாச் செல்லிலும் அந்தப் பிறழ்வு பிறவியிலேயே இருந்தது. செல்களுக்குள் போட்டி இல்லை. அவற்றுக்கு அப்போதும் ஈபிஓ வேண்டும், கொஞ்சம் இருந்தாலே போதும் என்பதுதான் வித்தியாசம். பாதிப்பும் சிவப்பணு வரிசையில் மட்டும். ஜாக்2 பிறழ்வோ மஜ்ஜையில் ஏதோ ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் (ரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான செல்) எப்போதோ நிகழ்வது. அந்த ஒன்றின் வாரிசுகள் பக்கத்து வாரிசுகளை ஓரங்கட்டி இடம் பிடிக்கின்றன. அதுவும் மெதுவாக. நோயாளிகளின் செல் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்த அண்மை ஆய்வுகளில், சிலருக்கு அந்த முதல் பிறழ்வு சிறு வயதிலேயே, தாயின் வயிற்றிலேயேகூட, நேர்ந்திருப்பது தெரிந்தது. நோய் தெரிவது 50, 60 வயதில். அந்தப் பரம்பரை பின்னால் இன்னும் சில பிறழ்வுகளைச் சேர்த்துக்கொண்டால் சிலருக்கு மஜ்ஜை நாராக இறுகும், மிகச் சிலருக்குத் தீவிர லுகேமியா ஆகும். அந்த வழி திறந்திருப்பதால்தான் கேன்சர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். உங்கள் சித்தப்பா மாதிரி வயலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் என்பதும் நிஜம்தான்.

தஞ்சாவூர் மெயில்

விளக்கத்துக்கு நன்றி அம்மா. சொல் மேல் எனக்குக் கோபம் போகவில்லை, பரவாயில்லை.

ஊர்க்குருவி77

டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் எனக்குத் தெரியும். அதற்கும் சிறுநீரகம்தான் சிக்னல் தருகிறதா?

நுண்ணோக்கி

இல்லை, அது கல்லீரல். சொல்லப்போனால் எனக்குப் பிடித்த சர்க்யூட் அதுதான். கல்லீரல் த்ராம்போபொய்ட்டின் என்ற புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். பிளேட்லெட் எத்தனை என்று அது பெரும்பாலும் பார்ப்பதில்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் தினமும் ஒரே அளவுதான் வடிக்கிறார். பிளேட்லெட்டுகள் உட்கார்ந்து சாப்பிடுகின்றன, அவற்றின் மேலேயே ஏற்பி இருப்பதால் அந்தப் புரதத்தை உறிஞ்சி விழுங்கிவிடும். மிச்சம் இருப்பதுதான் மஜ்ஜைக்குப் போகும். பந்தியில் கூட்டம் குறைந்தால் மிச்சம் அதிகம், மஜ்ஜை புதிதாகச் செய்யும். தனியாகச் சென்சாரே தேவையில்லை. பிளேட்லெட்டே சென்சார்.

இங்கேயும் திருட்டு நடக்கிறது. பிளேட்லெட் ஏறுகிற நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஜாக்2 சரியாகத்தான் இருந்தது. 2013இல் இரண்டு குழுக்கள் காரணத்தைப் பிடித்தன. கால்ரெட்டிகுலின் என்ற புரதம், செல்லுக்குள்ளே மற்றப் புரதங்களைச் சரியாக மடித்துக்கொடுக்கிற வேலைக்காரன். சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதன் ஜீனில் சில எழுத்துகள் விடுபட்டோ சேர்ந்தோ வாசிப்பு நகர்ந்துவிட்டால், வால் முழுக்க வேறாகிவிடுகிறது. அந்தப் புது வாலோடு அது த்ராம்போபொய்ட்டின் ஏற்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டு மேற்பரப்பு வரைக்கும் கூடவே வந்து அதை எரியவிடுகிறது. பாத்திரம் தேய்க்க வந்தவர் சமையல்காரரின் கரண்டியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. அங்கேயும் உள்ளே எரிவது ஜாக்2தான்.

கடலைமிட்டாய்

அப்போ ஜாக்2வை அணைக்கிற மருந்து கொடுத்தால் முடிந்ததே?

மூன்றாமாண்டு

இருக்கிறது, ருக்ஸோலிட்டினிப். அமெரிக்காவில் 2011இல் மஜ்ஜை இறுகும் நோய்க்கும், 2014இல் பாலிசைத்தீமியாவுக்கும் அனுமதி கிடைத்தது. மண்ணீரல் சுருங்கும். குளித்தபின் வரும் அரிப்பு பலருக்குக் குறையும். ஆனால் அந்த மருந்துக்கு நல்ல ஜாக்2வும் கெட்ட ஜாக்2வும் ஒன்றுதான். பக்கவிளைவு என்ன தெரியுமா? ரத்தச் சோகை, பிளேட்லெட் குறைவு. வேறென்ன வரும்? எலியில் ஜாக்2வையே நீக்கிப் பார்த்தார்கள், 1998இல். குட்டிகள் கருவிலேயே, பன்னிரண்டு பதின்மூன்றாம் நாளில், சிவப்பணு இல்லாமல் செத்தன.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் இமாடினிப் என்ற மருந்து அப்படி ஒரு அற்புதம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒட்டுப்போட்ட கைனேஸ் (ஜாக்2 மாதிரி பாஸ்பேட் ஏற்றுகிற புரதம்) உருவாகிறது. இமாடினிப் இயல்பான ஏபிஎல்லையும் அடைக்கும்தான், ஆனால் அது இல்லாமலும் மஜ்ஜை சமாளித்துக்கொள்ளும். ஜாக்2 இல்லாமல் சமாளிக்காது. இரண்டுமே கைனேஸ், இரண்டுமே அணையாத ஸ்விட்ச். ஒன்றை மெயினோடு அணைத்தாலும் வீடு ஓடும், இன்னொன்றில் வீடே இருட்டாகிவிடும்.

தஞ்சாவூர் மெயில்

இமாடினிப் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னை காப்புரிமை அலுவலகம். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நோவார்ட்டிஸ் தோற்றது. அப்போது கம்பெனி மருந்து மாதம் லட்சத்தைத் தாண்டிய விலை, இங்கே தயாரித்தது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இழைக்குச் சம்பந்தமில்லை என்றால் நிர்வாகி நீக்கிவிடலாம்.

நிர்வாகி

இருக்கட்டும்.

கடலைமிட்டாய்

பத்து நாள் என்றது பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஜாக்2 வி617எஃப்: பாசிட்டிவ். ஈபிஓ: 1.8. ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் இயல்பு வரம்பின் கீழ்க்கோட்டுக்கும் கீழே. டாக்டர் விளக்க ஆரம்பிக்கும் முன்னால் நானே "சிறுநீரகம் வாயை மூடிக்கொண்டது" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்.

தினமும் 75 ஆஸ்பிரின். 60 வயதைத் தாண்டியதால் ஹைட்ராக்ஸியூரியா, மஜ்ஜையின் செல் பெருக்கத்தைக் குறைக்கிற மருந்து. பிசிவி 45க்குக் கீழே வரும்வரை ரத்தம் எடுப்பது. ஏன் 45 என்று கேட்டேன். இத்தாலியில் 365 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வாம், 2013இல் வெளியானது. 45க்குக் கீழே வைத்தவர்களைவிட 45க்கும் 50க்கும் நடுவே விட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய அடைப்புகளும் அவற்றால் சாவும் ஏறக்குறைய நான்கு மடங்கு.

இன்று காலை முதல் தடவை எடுத்தார்கள். 350 மில்லி. ஊசி போட்டதும் டியூபில் ரத்தம் நம்முடையது மாதிரி ஓடவில்லை. கருஞ்சிவப்பாக, வெல்லப்பாகு இறங்குகிற மாதிரி நிதானமாக வந்தது. அப்பா பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அதை மஞ்சள் கவரில் போட்டபோது, "யாருக்காவது கொடுக்கக் கூடாதாம்மா?" என்றார். கொடுக்க முடியாது, இதில் அந்த ஸ்டெம் செல்லின் பரம்பரை இருக்கிறது என்று நான் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஊர்க்குருவி77

முதல் நாள் நான் சொன்ன ஜோக்குக்கு மன்னித்துவிடுங்கள்.

கடலைமிட்டாய்

அட, அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ரசித்தார். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இப்படி எடுத்துக்கொண்டே போனால் இரும்புச்சத்து குறையாதா? அம்மா அதைவிடப் பெரிய கவலையில் இருக்கிறார். முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டுமா?

நுண்ணோக்கி

குறையும். குறைய வேண்டும் என்றுதான் எடுக்கிறார்கள். இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் செய்ய முடியாது. ரிலேயைத் தொட முடியாவிட்டால் கச்சாப்பொருளையாவது நிறுத்திவைக்கலாம். அதனால் பரிசோதனையில் இரும்பு குறைவு என்று வந்தாலும், யாராவது நல்லெண்ணத்தில் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தாலும், உங்கள் ரத்தவியல் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். சோர்வு அதிகமாக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் ஏறுவது கொஞ்சம்தான். அம்மாவை வழக்கம்போலச் சமைக்கச் சொல்லுங்கள்.